மறு: ‘இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

உடலைத் திறக்காமல், உள்ளே இருப்பதை எக்ஸ்-ரே, அல்ட்ராசவுண்ட் போன்ற படங்களில் பார்த்தபடி, பெரும்பாலும் ஊசியும் மெல்லிய குழாயும் கொண்டு செய்யும் சிகிச்சைதான் ‘இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி’. இதற்குப் பேராசிரியர் ஐயா ‘இடையீட்டுக் கதிரியல்’ என்கிறார். யாழ்ப்பாணத்து அண்ணா ‘படவழிச் சிகிச்சை’ என்கிறார். மருத்துவம் படிக்கும் தங்கை ‘நுண்துளை மருத்துவம்’ என்று எழுதியிருக்கிறார். இந்த வேலையையே அன்றாடம் செய்பவன் என்ற முறையில் என் கருத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மூன்றையும் ஏன் விடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, என் சொல்லுக்கு வருகிறேன்.

> இன்டர்வென்ஷன் இடையீடு, ரேடியாலஜி கதிரியல். இரண்டையும் சேர்த்தால் முடிந்தது. இதில் என்ன தயக்கம்?

ஐயா, அந்த ஆங்கிலப் பெயரே ஒரு துறை தன் கதையைத் தனக்குள் சொல்லிக்கொண்டது. 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்குக் கதிரியல் மருத்துவரின் வேலை படம் எடுப்பது, படித்துப் பார்ப்பது, அறிக்கை எழுதுவது. நோயாளியின் மேல் கை வைப்பவர் அறுவை மருத்துவர். இந்தக் கோட்டைத் தாண்டியவர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் இருந்த சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரி 16 அன்று, 82 வயது மூதாட்டி ஒருவருக்கு அவர் சிகிச்சை செய்தார். காலுக்கு இரத்தம் போகாமல் விரல்கள் அழுகியிருந்தன. காலை எடுக்க வேண்டும் என்று சொன்னதற்கு அந்த அம்மா ஒப்பவில்லை. டாட்டர் தொடைத் தமனிக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களை ஏற்றி, சுருங்கிக்கிடந்த இடத்தை விரித்தார். எல்லாம் எக்ஸ்-ரே திரையைப் பார்த்தபடியே. கால் தப்பியது.

அப்படியும் எதிர்ப்பு ஓயவில்லை. ஓர் அறுவை மருத்துவர் தம் நோயாளியின் சீட்டில் ‘படம் எடுங்கள், ஆனால் சரிசெய்ய முயலாதீர்கள்’ என்று எழுதியே டாட்டரிடம் அனுப்பினார். 1967-ல் கதிரியல் மருத்துவர் அலெக்சாண்டர் மார்குலிஸ் ‘இன்டர்வென்ஷனல்’ என்ற அடைமொழியை இந்த வேலைக்குச் சூட்டினார். பார்ப்பதோடு நின்றவர்கள் செய்யவும் தொடங்கிவிட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். அவர்களுக்கு அது பெரிய செய்தி. தஞ்சாவூரிலிருந்து ஈரல் கட்டியோடு வந்திருக்கும் ஒரு விவசாயிக்கு அதனால் என்ன தெரியப்போகிறது?

‘இடையீடு’ அவருக்கு இன்னொரு பொருளையும் தரும். ‘இடையீடின்றி மழை பெய்தது’ என்கிறோம். இடையீடு என்றால் நடுவே வந்து தடுப்பது. சிலர் எழுதும் ‘குறுக்கீடு’ அதைவிட மோசம். சட்டமன்றச் செய்திகளில்தான் அந்தச் சொல் அதிகம் புழங்குகிறது. சிகிச்சைக்குப் பெயராக வைக்க இரண்டும் தகாது என்பதே என் உறுதியான எண்ணம்.

எனக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ‘கதிரியல்’ என்ற பின்பாதியில் இருக்கிறது. நம் வார்டுகளில் புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை கொடுப்பதைக் ‘கரண்ட் வைக்கிறது’ என்பார்கள். நான் முன்பு வேலை பார்த்த மருத்துவமனை ஒன்றில், ஈரல் கட்டிக்குக் குழாய் வழியே மருந்து செலுத்தவிருந்த நோயாளிகளுக்கு ஒப்புதல் படிவத்தில் ‘கதிரியல் சிகிச்சை’ என்று அச்சிட்டிருந்தார்கள். கரண்ட் வைக்கப்போகிறார்கள் என்று எண்ணி அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து விளக்கினால் புரிந்துகொண்டார்கள். ஆனால் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கும் சொல்லே பொய்யான அச்சத்தை ஊட்டினால், அந்த ஒப்புதல் எப்படி உண்மையான ஒப்புதலாகும்? ஒரு பெயரிலுள்ள சொல் மக்களை மிரட்டுகிறது என்பதற்காக அதை எடுத்துவிடுவது நாம் புதிதாகச் செய்வதும் இல்லை. எம்.ஆர்.ஐ.யின் அடிப்படைக்கு அறிவியலில் அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு என்று பெயர். மருத்துவமனைக்குள் வந்தபோது முன்னாலிருந்த ‘அணுக்கரு’வைக் கழற்றிவிட்டார்கள். அணு என்றதும் குண்டும் கதிர்வீச்சும் நினைவுக்கு வரும், அந்தக் கருவியிலோ அப்படி ஒன்றும் இல்லை.

தவிர, இந்தச் சிகிச்சைகள் எல்லாவற்றிலும் எக்ஸ்-ரே கிடையாது. பித்தப்பையில் சீழ் கட்டினால் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தி, டியூப் வைத்து வடிக்கிறோம். அதில் எந்தக் கதிர் இருக்கிறது?

அதே நேரத்தில், பெயரிலிருந்து கதிரை எடுப்பதால் கதிர்வீச்சை மறைத்துவிடக் கூடாது. ஆஞ்சியோ (இரத்தக்குழாய்களைப் படமெடுப்பது) மேசையில் நீண்டநேரம் எக்ஸ்-ரே ஓடும் சிகிச்சைகளில் தோல் பாதிக்கப்படும் வாய்ப்பு உண்டு. படிவத்தில் அதைத் தனி வரியாக, தெளிவாக எழுதியே ஆக வேண்டும்.

> மக்களிடம் எடுபடுவது ‘நுண்துளை’தான். பின்ஹோல் என்று விளம்பரங்களிலேயே வருகிறதே.

தங்கை சொல்வது சரி, எடுபடும். ஆனால் வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபியையும் நாளிதழ்கள் ‘நுண்துளை அறுவை சிகிச்சை’ என்றுதானே எழுதுகின்றன? இரண்டும் ஒன்றாகிப்போகும். இன்னொன்று, துளையே இல்லாத சிகிச்சைகளும் வந்துவிட்டன. கைநடுக்க நோய்க்கு எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்து, மண்டையோட்டின்மேல் தலைக்கவசம்போல் பொருத்திய 1,024 ஒலிமுனைகளிலிருந்து அல்ட்ராசவுண்டை மூளைக்குள் ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். அந்தப் புள்ளி சூடாகிக் கருகுகிறது. எவ்வளவு சூடு என்பதை எம்.ஆர்.ஐ.யே உடனுக்குடன் காட்டுகிறது. அமெரிக்காவில் 2016-ல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. இதில் ஊசி முனை அளவுக்குக்கூடத் துளை கிடையாது.

> படத்தைப் பார்த்துச் செய்வதால் ‘படவழி’. எளிமை, இனிமை.

அண்ணா, உங்கள் சொல்தான் எனக்கு நெருக்கமானது, அதனால்தான் அதோடு அதிகம் மல்லுக்கட்டினேன். மருத்துவத் தமிழில் ‘வழி’ என்றாலே மருந்து உடலுக்குள் போகும் பாதை. வாய்வழி மருந்து, தோல்வழி மருந்து என்று நிலைத்துவிட்டது. அந்த வரிசையில் படவழியை வைத்தால் படத்தின் வழியே எதுவோ போவதாகத் தொனிக்கிறது. லேப்ராஸ்கோபி மறுபடியும் குறுக்கே வருகிறது. அங்கேயும் மருத்துவர் திரையில் படத்தைப் பார்த்துத்தான் செய்கிறார்! ஆனால் அந்தப் படம் கேமரா உள்ளே போய், விளக்கு வெளிச்சத்தில், உறுப்பின் மேற்பரப்பைப் பார்ப்பது. எங்கள் பார்வை தோல், சதை, எலும்பு எல்லாவற்றையும் கடந்து போகிறது. படம் இரண்டு இடத்திலும் உண்டு, பார்வை வேறு வேறு.

என் சொல் பிறந்தது இந்த வேறுபாட்டில்தான். எக்ஸ்-ரே, சி.டி., அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ. நான்கும் ஒரே வகை இயற்பியல் அல்ல. 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் இருந்த மருத்துவமனையில், சி.டி.யை உருவாக்கிய பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி முதல் நோயாளியின் மூளையைச் சி.டி.யில் காட்டியது எக்ஸ்-ரேயையும் கணக்கையும் கொண்டு. அல்ட்ராசவுண்ட் எதிரொலியைக் கொண்டு காட்டுகிறது. எம்.ஆர்.ஐ. நம் உடல் நீரிலுள்ள ஹைட்ரஜனைக் கொண்டு காட்டுகிறது. நான்குக்கும் பொதுவானது, உடலைத் திறக்காமல் அதன் ஊடே பார்ப்பது. தமிழில் எக்ஸ்-ரேக்கு ‘ஊடுகதிர்’ என்று ஏற்கெனவே சொல் இருக்கிறது. அதிலிருந்து கதிரை விடுவித்து ‘ஊடு’வை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நுண்ணோக்கி, தொலைநோக்கி, அகநோக்கி (எண்டோஸ்கோப்) ஆகியவற்றில் இருக்கும் ‘நோக்கு’ அடுத்து வருகிறது.

ஊடுநோக்குச் சிகிச்சை. அகநோக்கி உள்ளே போய்ப் பார்க்கிறது. ஊடுநோக்கு வெளியிலிருந்தே ஊடாகப் பார்க்கிறது. லேப்ராஸ்கோபியோடு இருந்த குழப்பம் இதனால் தீர்கிறது.

மேசையில் நடப்பதற்கு இந்தச் சொல் பொருந்துகிறதா என்று பார்ப்போம். ஆஞ்சியோவில் முதலில் வெறும் படம் ஒன்று எடுப்போம். பிறகு அயோடின் கலந்த டையைச் செலுத்தி அடுத்தடுத்த படங்கள். இவற்றிலிருந்து முதல் படத்தைக் கணினி கழித்துவிடும். எலும்பும் சதையும் மறைந்து இரத்தக்குழாய்கள் மட்டும் கிளைகிளையாக நிற்கும். ஈரல் கட்டிக்கு மருந்து கொடுக்கும்போது அந்தக் கிளைகளில்தான் வேலை. ஈரலுக்கு வரும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைக் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை கொண்டுவருகிறது. கட்டியோ பெரும்பாலும் தமனியையே உறிஞ்சி வளர்கிறது. ஆகவே தமனியின் எந்தக் கிளை கட்டிக்குப் போகிறது என்று பார்த்து, அதில் மட்டும் மருந்தைச் செலுத்தி, அந்தக் கிளையை அடைத்தால், கட்டி பட்டினி கிடக்கும், ஈரல் பிழைக்கும். மூளைத் தமனியில் இரத்தக்கட்டி அடைத்துப் பக்கவாதம் வந்தவர்களுக்குத் தொடை வழியே குழாயை மூளைவரை கொண்டுபோய் அந்த இரத்தக்கட்டியை இழுத்து எடுப்பதும் இதே வேலைதான். 2015-ல் அடுத்தடுத்து வெளிவந்த ஐந்து ஆய்வுகளுக்குப் பிறகு அது உலகெங்கும் ஏற்கப்பட்ட சிகிச்சையாகிவிட்டது. இந்த இரண்டிலும், பார்வை தவறினால் கை தவறும். ‘நோக்கு’ என்ற சொல்லில் பார்ப்பதும் உண்டு, குறி வைப்பதும் உண்டு. இரண்டும் இங்கே வேண்டும்.

என்ன மறுப்பு வரும் என்றும் யோசித்தேன். ‘ஊடு’ என்றதும் ஊடல் நினைவுக்கு வரும் என்று ஐயா சொல்லக்கூடும். ஊடுருவல், ஊடகம் என்று சொல்லும்போது யாருக்கும் ஊடல் நினைவுக்கு வருவதில்லை. ஈழத்தில் ‘வானொலி ஊடாக’, ‘அமைச்சு ஊடாக’ என்று அன்றாடம் புழங்குவதால் அண்ணாவின் பக்கத்தில் இது இன்னும் எளிதாகவே ஒட்டும். ‘தொலைநோக்குத் திட்டம்’ என்பதைப்போல நோக்கு என்பது கண்ணோட்டம் என்ற பொருளுக்குப் போய்விடாதா என்பது இதைவிட வலுவான மறுப்பு. அதனால்தான் ‘சிகிச்சை’யைப் பிரிக்காமல் எப்போதும் கூடவே எழுத வேண்டும் என்கிறேன். ஊடுநோக்குச் சிகிச்சை மருத்துவர், ஊடுநோக்குச் சிகிச்சைக் கூடம் என்று. சற்று நீளம்தான், பொருள் குழம்புவதைவிட நீளம் மேல்.

ஒரு விளிம்பையும் குறிக்க வேண்டும். ‘இமேஜ் கைடட் ரேடியோதெரபி’யை இந்தக் குடைக்குள் கொண்டுவரக் கூடாது. அது உண்மையிலேயே கதிர்ச்சிகிச்சை. ஒவ்வொரு நாளும் கதிரைச் செலுத்துவதற்கு முன் படம் எடுத்து, கட்டி நேற்று இருந்த இடத்திலேயே இருக்கிறதா என்று சரிபார்த்து, மேசையை நகர்த்திப் பொருத்துகிறார்கள். அதற்குப் ‘படப்பொருத்தக் கதிர்ச்சிகிச்சை’ என்பது போதும் என்று படுகிறது. ஆனால் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் 2017-ல் எம்.ஆர்.ஐ.யும் கதிர்ப்பொறியும் ஒன்றாக இணைந்த கருவியில் நோயாளிகளுக்குச் சிகிச்சை தொடங்கியிருக்கிறார்கள். கதிர் பாயும்போதே கட்டியின் அசைவைப் பார்க்கலாம். அங்கே பொருத்தம் என்ற சொல் போதாது. இதைத் தனி இழையாகத் தொடங்கலாம், கதிர்ச்சிகிச்சைத் துறையினர் யாராவது வந்து பேசினால் நல்லது.

‘சிகிச்சை’ வடசொல், ‘மருத்துவம்’ என்றே வைக்கலாமே என்று ஐயா கேட்டிருந்தார். நம்மிடம் ‘மருத்துவம்’ முழுத்துறையையும் குறிக்கிறது, ‘சிகிச்சை’ ஒருவருக்கு ஒருநாள் செய்யும் செயலைக் குறிக்கிறது. படிவத்தில் வேண்டியது இரண்டாவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தின் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், சர்ஜரியை ‘இரண வைத்தியம்’ என்றார். இன்று அதே யாழ்ப்பாணத்தில் ‘சத்திரசிகிச்சை’ என்கிறார்கள், சென்னையில் ‘அறுவைச் சிகிச்சை’ என்கிறோம். புண், கத்தி, அறுத்தல் என்று மூன்றும் அந்த வேலையைச் சரியாகவே காட்டுகின்றன. கத்தியே இல்லாத சிகிச்சைக்கு இம்மூன்றில் எதையும் நீட்டிப் பயன்படுத்த முடியாது. அதனால்தான் புதுச்சொல் கேட்கிறேன்.

இரத்தக்குழாய்க்குள் செலுத்தும் ஸ்டென்ட், காயில், பலூன் இவற்றின் பெயர்களை அப்படியே விட்டுவிடுவோம். ‘பலூன் வச்சாங்க’, ‘காயில் வச்சாங்க’ என்று மக்கள் வாயில் நன்றாக உட்கார்ந்துவிட்டன. அவற்றை அசைக்க வேண்டியதில்லை.

படிவத்துக்கு நான் எழுதிப் பார்த்த வரிகள் இவை:

‘உங்களுக்கு ஊடுநோக்குச் சிகிச்சை செய்யப்போகிறோம். வயிற்றைத் திறக்க மாட்டோம். உடலுக்குள் இருப்பதைத் திரையில் பார்த்தபடி, தொடை இடுக்கில் ஊசி குத்தி, மெல்லிய குழாயைச் செலுத்தி, ஈரலில் உள்ள கட்டிக்கு மருந்து கொடுப்போம். பார்ப்பதற்கு எக்ஸ்-ரே பயன்படும். இது புற்றுநோய்க்குக் கரண்ட் வைக்கும் சிகிச்சை அல்ல.’

அண்ணா, ‘தொடை இடுக்கு’, ‘கரண்ட் வைப்பது’ இரண்டும் உங்கள் பக்கத்தில் புரியுமா, வேறு சொல் வேண்டுமா என்று எழுதுங்கள். தங்கை, உங்கள் வார்டில் நாலைந்து பேரிடம் இதைப் படித்துக்காட்டி, முடிந்ததும் ‘என்ன செய்யப்போகிறார்கள்?’ என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் வாய்மொழியிலேயே இங்கே இடுங்கள். எக்ஸ்-ரேயை ஓடும் படமாகத் திரையில் காட்டும் ‘ஃபுளூரோஸ்கோபி’க்கு என்னிடம் இன்னும் நல்ல சொல் இல்லை. ‘ஓடும் ஊடுகதிர்ப்படம்’ என்று தற்போதைக்கு எழுதி வைத்திருக்கிறேன். அதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள்.