வெயிலில் நிறம் மாறும் துணி: எவ்வளவு வெயில் தாங்கும் என்று அளப்பது எப்படி?

வணக்கம். சிங்கப்பூர் தேக்கா பக்கம் தையல் கடை வைத்திருக்கிறோம். நிழலில் வெள்ளையாகவும் வெயிலில் ஊதாவாகவும் தெரியும் பூப்போட்ட துணியில் பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்கலாம் என்று எண்ணம். "வெளிறவே வெளிறாது" என்கிறார் சப்ளையர். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றால் பதில் இல்லை.

சாதாரணத் துணி என்றால் சரி, சாயம் வெளிச்சத்தைத் தாங்குமா என்று பார்க்க ஐஎஸ்ஓ 105-பி02 என்ற சர்வதேசச் சோதனைமுறை இருக்கிறது. செனான் விளக்கின் கீழ் வெளிறும் வேகம் தெரிந்த நீலக் கம்பளித் துண்டுகளோடு வைத்து, வெளிறியதை ஒப்பிட்டு 1 முதல் 8 வரை தரம் போடுவார்கள். இங்கே சிக்கலே வேறு. இந்த நிறம் மாறும் துணியின் சாயம் புற ஊதாக் கதிர் (யூவி) பட்டால்தான் நிறம் காட்டும். சாயம் பாதி செத்திருந்தாலும் நிழலில் வெள்ளை வெள்ளைதான். ஆக, நிறம் ஏறும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத்தானே அளக்க வேண்டும்? ஆனால் யூவி விளக்கில் காட்டிவிட்டு நிறம் அளக்கும் கருவியில் வைப்பதற்குள் நிறம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு, சூடு ஏறினால் நிறமும் மங்கல். ஏசி அறையில் எடுத்த அளவு நம்ம ஊர் மதிய வெயிலுக்கு எப்படிப் பொருந்தும்?

அதே ஐஎஸ்ஓ 105 வரிசையில் பி05 என்று ஒரு சோதனை உண்டு. அது நிறம் மாறி இருட்டில் திரும்புகிறதா என்று பார்க்கத்தான். எத்தனை நாள் உழைக்கும் என்று சொல்லாது.

பாலிடெக்னிக்கிலோ ஆய்வுக்கூடத்திலோ இருப்பவர்கள் சொல்லுங்கள்: யூவி விளக்கு எரியும்போதே நிறத்தை அளக்கும் வசதி இங்கே எங்கே உண்டு? சின்னக் கடைக்காரர்களிடம் சாம்பிள் வாங்குவார்களா, கட்டணம் எவ்வளவு ஆகும்? துணியை நானே கொண்டுவந்து தருகிறேன்.