சில்வியா பினால்: பெருமை அவருடையதா, புனுவேலுடையதா?

திரைநேசன்:
2024 நவம்பரில் மறைந்த மெக்சிக நடிகை சில்வியா பினாலை மகா நடிகை என்று இங்கே பலர் எழுதுகிறீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. மெக்சிகோவுக்கு வெளியே அவர் பெயர் நிலைப்பதற்குக் காரணம் இயக்குநர் லூயிஸ் புனுவேல். அவர் இயக்கத்தில் சில்வியா நடித்த ‘விரிதியானா’ உள்ளிட்ட மூன்று படங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன?

கயல்விழி:
நிறைய மிஞ்சும். 1950களிலேயே மெக்சிகோவின் ஏரியல் திரைப்பட விருதுகளை வென்றவர் அவர். ‘விரிதியானா’ அவரைத் தேடி வந்த வாய்ப்பும் அல்ல. அவர் தேடிப் போனது. பணம் போட்டவர் அன்றைய கணவர் குஸ்தாவோ அலத்ரிஸ்தே. 1961இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற அந்தப் படத்தை வத்திக்கான் நாளேடு சாடியது. சர்வாதிகாரி பிராங்கோ ஆண்ட ஸ்பெயின் தடை செய்தது. சந்தைக்கேற்ற நகைச்சுவைப் படங்களில் வசதியாக இருந்த ஒரு நட்சத்திரம் ஏன் இந்த வம்பை விலை கொடுத்து வாங்க வேண்டும்?

திரைநேசன்:
துணிச்சலை மறுக்கவில்லை. நான் கேட்பது நடிப்பு. ‘விரிதியானா’வில் அவர் முகம் பெரும்பாலும் அசைவதே இல்லை. நம்மை உலுக்குவது பிச்சைக்காரர்களின் விருந்துக் காட்சி. அது இயக்குநரின் கைவண்ணம்.

சோளக்கொல்லை:
இருவரும் சினிமாவுக்குள்ளேயே நிற்கிறீர்கள். 1985 மெக்சிகோ நகர நிலநடுக்கத்துக்குப் பிறகு, பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவுவதற்காக உருவான தொலைக்காட்சித் தொடரை அவர்தான் வழங்கினார். 1986 முதல் 2007 வரை ஓடியது. வீட்டுக்குள் அடிபடும் பெண்களின் கதைகள் அதில் வெளிப்படையாகப் பேசப்பட்டன. புனுவேலின் ஒரு படத்தையும் பார்க்காத குடும்பங்களுக்கும் அவர் முகம் தெரியும்.

திரைநேசன்:
அந்தப் பணியை மதிக்கிறேன். ஆனால் அது தொகுப்பாளரின் புகழ்.

கயல்விழி:
முகம் அசையவில்லை என்கிறீர்களே, அதுதான் அந்தப் பாத்திரம். கன்னியர் மடத்தில் சேரவிருந்தவள், எல்லாம் குலைந்த பிறகு, கடைசியில் சீட்டு விளையாட வந்து அமர்கிறாள். அவளுக்கு வசனம் இல்லை. தோற்றுப்போனதை அந்தக் கண்கள் சொல்லிவிடுகின்றன. அதே நடிகை 1965இல் ‘சிமோன் தெல் தெசியெர்த்தோ’வில் சாத்தானாக வருகிறார். தூணின் மேல் தவமிருக்கும் துறவியைக் கெடுக்க மாலுமி உடைச் சிறுமியாக, தாடி வைத்த நல்லாயன் இயேசுவாக, கடைசியில் நியூயார்க் இரவு விடுதியில் வெறியோடு ஆடுபவளாக மாறுகிறார். இரண்டிலும் இயக்குநர் ஒருவரே. அசையாத முகமும் அடங்காத உடலும் யாருடையவை? படம் 45 நிமிடம்தான். பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.