எந்தப் பக்கம் மேல்? ஓவியத்தைத் துணியில் தைத்தவர்களின் அனுபவங்கள்

மஞ்சக்குப்பம், கடலூர்

ஓவியர் ஆதிமூலம் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பற்றி இங்கே நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் பிடித்துக்கொண்டவை உருவங்கள் இன்றி நிறங்களாலேயே ஆன அவருடைய பிற்கால அரூப ஓவியங்கள். அவற்றின் நினைவில், நான்கடிக்கு மூன்றடி அளவில் ஓர் ஒட்டுத்துணிச் சித்திரம் தைக்கத் தொடங்கினேன். அவருடைய கித்தானில் நீலம் எங்கே முடிந்து மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. துணியிலோ, இணைத்த இடம் வரப்புபோல் புடைத்துக்கொண்டு நின்றது. மூன்று முறை பிரித்துத் தைத்தேன். கடைசியில், அம்மாவின் நைந்துபோன மெல்லிய வாயில் (voile) புடவையில் ஒரு சாண் அகலத்திற்குக் கிழித்து அந்த இணைப்பின்மேல் போர்த்தியதும், கோடு அடங்கி இரு நிறங்களும் ஒன்றுக்குள் ஒன்று இறங்கின.

ஓரம் அடிப்பதற்காகத் தெருமுனைத் தையற்காரரிடம் கொண்டுசென்றேன். அவர் அதை மேசைமேல் விரித்து, ஒரு சுற்று திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எந்தப் பக்கம்மா மேல?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏனெனில், அவர் தலைகீழாக வைத்திருந்த நிலையில்தான் அது நன்றாக இருந்தது. அந்த ஓவியத்தை நான் உண்மையிலேயே பார்த்தேனா, நிறங்களை மட்டும் எடுத்துக்கொண்டேனா என்பது இன்றுவரை விளங்கவில்லை.

முத்தியால்பேட்டை, புதுச்சேரி

தையற்காரர் கேட்டது இருக்கட்டும், அக்கா. அந்த வாயில் துணியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. துணிக்கு ஓரம் உண்டு, அதை ஏன் மறைக்க வேண்டும்? பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1953இல் செய்த 'நத்தை'யைப் பாருங்கள். வண்ணம் தீட்டிய காகிதத்தை வெட்டி ஒட்டிய அந்தப் படைப்பில் ஒவ்வொரு துண்டின் ஓரமும் அப்பட்டமாகத் தெரிகிறது. அவர் பிரான்சில் நெசவு ஊரான பொஹேனில் வளர்ந்தவர். மில் சங்கு கேட்டு வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அவர் அந்நியரே அல்லர். அவர் நினைவில் தைக்க, நான் துணித் துண்டுகளைச் சுவரில் மாட்டிய போர்வையில் குண்டூசியால் குத்திப் பதினொரு நாள் இடம் மாற்றிக்கொண்டிருந்தேன். மின்விசிறிக் காற்றில் ஒரு பச்சைத் துண்டு ஊசி கழன்று பாதி தொங்கியது. அந்தச் சாய்வில்தான் மொத்தமும் அசைந்தது, அப்படியே தைத்துவிட்டேன்.

தேவனாம்பட்டினம், கடலூர்

ஓவியர் எஸ்.எச். ரசாவின் வட்டப் புள்ளியான 'பிந்து'வை மனத்தில் கொண்டு நான் தைத்ததில், முதல் அலசலிலேயே சிவப்பு இறங்கி வெள்ளையெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டது. ஆகவே இருவரிடமும் ஒன்று சொல்கிறேன். வெட்டுவதற்கு முன் எல்லாத் துணிகளையும் நனைத்து உலர்த்துங்கள். பருத்தி சுருங்குவதானால் அப்போதே சுருங்கட்டும். ஈரமான வெள்ளைத் துணியால் ஒவ்வொரு நிறத்தையும் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். கறை ஒட்டினால், எவ்வளவு அழகான நிறமானாலும் ஒதுக்கிவிடுங்கள். தையலுக்குக் கால் அங்குலம் விடுங்கள். இணைத்தபின் அடர்ந்த நிறத்தின் பக்கமாக மடித்து இஸ்திரி போட்டால், வெளிர் துணிக்குள் நிழல் தெரியாது. நைந்த வாயிலைக் கிழித்த ஓரத்தோடு விடாதீர்கள். நாளடைவில் நூல் பிரியும். தைத்ததை வெயில் படும் சுவரில் மாட்டவும் வேண்டாம்.

மஞ்சக்குப்பம், கடலூர்

வாயிலின் ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டேன், நன்றி. ஆனால் துணியை எடுக்கப்போவதில்லை, தம்பி. மத்தீஸின் ஓரம் மத்தீஸுக்கு உரியது, நான் தேடியது ஆதிமூலத்தின் ஓரமின்மையை. தையற்காரரின் கேள்விக்கு மட்டும் இன்னும் விடை இல்லை. இப்போதைக்கு மேலும் கீழும் கம்பி நுழையுமாறு பட்டி தைத்திருக்கிறேன். இந்த மாதம் அவர் வைத்த பக்கம் மேலே இருக்கிறது.