பாட்டி வீட்டுக் குழு: கவிதாவின் வகுப்பறை

*ஞாயிறு, மாலை 5:40*

கவிதா: அத்தை, ஜெயா அக்கா, நேரம் கிடைக்கும்போது பதில் போடுங்கள். பள்ளியில் எனக்குப் பாடம் நடத்துவது கஷ்டமாக இல்லை. பாடத்துக்கு வந்து சேர்வதுதான் கஷ்டமாக இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என மூன்று வகுப்பும் ஒரே அறையில், 27 பிள்ளைகள். பென்சில் முனை உடைந்துவிட்டது, நோட்டைக் காணோம், தண்ணீர் குடிக்க வேண்டும், அவன் கிள்ளிவிட்டான். இதற்கு நடுவில் செயலியில் வருகைப்பதிவு, ஹெச்.எம். கேட்கிற விவரங்கள். மணி பத்தரை ஆகும்போது ஒரு பாடம்கூட உருப்படியாகத் தொடங்கியிருக்காது.

அம்மா: தினமும் ராத்திரி பதினொரு மணி வரை நோட்டுத் திருத்துகிறாள் மதினி. நீங்கள்தான் ஏதாவது வழி சொல்ல வேண்டும்.

முத்து அண்ணன்: கவி, செய்ய வேண்டிய வேலையைப் பட்டியல் போட்டு வைக்கிற செயலி நிறைய இருக்கிறது. ஒன்று பதிந்து தரட்டுமா? நேரத்துக்கு நேரம் மணி அடித்து நினைவுபடுத்தும்.

ஜெயா அக்கா: முத்து, அவள் போனில் இருக்கிற செயலிகளே போதும். வகுப்பில் போனை எடுத்தால் அலுவல் குழுவில் வந்து கிடக்கிற செய்தி எல்லாம் கண்ணில் படும். அதைப் படித்து முடிப்பதற்குள் மூன்றாம் வகுப்பு பின்னால் சண்டையைத் தொடங்கியிருக்கும்.

பெரிய அத்தை: கவிதா, முதலில் ஒன்று சொல். காலையில் பிள்ளைகள் எப்போது வருகிறார்கள்? அறைக்குள் வந்ததும் முதலில் என்ன செய்கிறார்கள்?

கவிதா: எட்டு மணிக்கே பாதிப் பேர் வந்துவிடுவார்கள் அத்தை. உப்பளத்து ஊர் அல்லவா, அப்பா அம்மா இரண்டு பேரும் விடியும் முன்னே வேலைக்குப் போய்விடுகிறார்கள். காலைச் சாப்பாடு பள்ளியிலேயே. அப்புறம் மணி அடிக்கும்வரை விளையாட்டு. இறைவணக்கம் முடிந்து அறைக்குள் வந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் என்னிடம் பேசத் தொடங்குவார்கள்.

பெரிய அத்தை: நான் ஓய்வு பெற்ற பிறகுதான் இந்தக் காலை உணவு வந்தது. என் பள்ளியில் முதல் பாடவேளையில் சுருண்டு படுக்கிற பிள்ளைகள் எப்போதும் நாலைந்து பேர் இருப்பார்கள். பசி.

ஜெயா அக்கா: 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கினார்கள் அத்தை. 2023 ஆகஸ்டிலிருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. இப்போது அப்படிச் சுருண்டு படுப்பதை நான் பார்ப்பதே அபூர்வம்.

பெரிய அத்தை: அப்படியானால் கவிதாவுக்கு எங்களைவிட நல்ல தொடக்கம் கிடைத்திருக்கிறது. வயிறு நிறைந்த பிள்ளைகள் உள்ளே வருகிறார்கள், ஆனால் கைக்கு வேலை இல்லை. அதனால்தான் 27 பேரும் உன்னிடம் வருகிறார்கள். காலை விளையாட்டில் கை வைக்காதே, அது அவர்களுடையது. உள்ளே வந்த பிறகு முதல் பத்து நிமிடம், அதை மட்டும் சரிசெய்.

பெரிய அத்தை: உன் அறையில் சுவரின் கீழ்ப்பகுதியில், பிள்ளைகள் உயரத்துக்கு, நீளமாகக் கரும்பலகை இருக்கிறதா?

கவிதா: [படம்: வகுப்பறைச் சுவர்] இருக்கிறது அத்தை. நான் சேரும் முன்பே யாரோ பழைய மேசைகளை அதை ஒட்டிப் போட்டுவிட்டார்கள்.

பெரிய அத்தை: மேசையை நகர்த்து. அது செயல்வழிக் கற்றல் காலத்துப் பலகை, பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிக்கிற முறை அது. ஆந்திராவில் ரிஷிவேலிப் பள்ளி நடத்திய முறையைப் பார்த்து, சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கி, 2007 வாக்கில் மாநிலம் முழுக்கக் கொண்டுவந்தார்கள். அட்டை, அட்டைகளின் வரிசையைக் காட்டுகிற ஏணிப்படி, தட்டு என்று வந்து இறங்கியபோது எங்களில் பல பேர் முணுமுணுத்தோம். அட்டை கிழியும், தொலையும், மழையில் நனையும். அந்தக் குறையெல்லாம் உண்மைதான். ஆனாலும் அதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. பிள்ளையே போய்த் தன் அட்டையை எடுக்கும், முடித்ததும் அதே இடத்தில் வைக்கும். தன் வருகையைக்கூடத் தானே குறித்துக்கொள்ளும். அறையில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. திட்டம் போனாலும் அந்தப் பழக்கத்தை நான் விடவே இல்லை.

அம்மா: அடுக்களையில் உப்பு டப்பா எங்கே என்று எனக்கு மட்டும் தெரிந்தால் எல்லோரும் என்னைத்தானே கூப்பிடுவார்கள்.

பெரிய அத்தை: அதேதான். கவிதா, பலகையை 27 கட்டமாகப் பிரி. மேலே பெயிண்டால் பெயர் எழுது. பிள்ளை உள்ளே வரும், பையை வைக்கும், தண்ணீர் பாட்டிலை ஜன்னல் ஓரம் வைக்கும், சாக்பீஸ் எடுத்துத் தன் கட்டத்துக்குப் போகும். ஒன்றாம் வகுப்பு தன் பெயரும் நேற்றுப் படித்த எழுத்தும். இரண்டாம் வகுப்பு தேதியும் இரண்டு சொல்லும். மூன்றாம் வகுப்பு தேதி எழுதி, நேற்று நடந்ததைப் பற்றி ஒரு வரி. தினமும் இதேதான், மாற்றாதே. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் உன்னைக் கேட்கத் தேவையில்லாமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் நீ வருகைப் பதிவேட்டையும் செயலியையும் முடித்துவிடு.

பெரிய அத்தை: இன்னொரு லாபமும் உண்டு. எந்தக் கட்டம் காலியாக இருக்கிறதோ அந்தப் பிள்ளை வரவில்லை. நிமிர்ந்து பார்த்தாலே தெரியும்.

கவிதா: அத்தை, இதைச் சொன்னால் ஒரு நாள் செய்வார்கள். மறுநாள் பழையபடி ஆகிவிடும்.

பெரிய அத்தை: சொன்னால் ஆகிவிடும். கற்றுக்கொடுத்தால் ஆகாது. கழித்தல் கணக்கை ஒரு தடவை சொல்லிவிட்டு விட்டுவிடுவாயா? இதுவும் பாடம்தான். முதலில் நீ செய்து காட்டு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், உள்ளே வந்து, எல்லாவற்றையும் வைத்து, எழுதிக் காட்டு. அடுத்து ஒரு பிள்ளை செய்யட்டும், மற்றவர்கள் பார்த்துச் சொல்லட்டும். அப்புறம் எல்லோரும். தள்ளுமுள்ளு வந்தால் திட்டாதே. வெளியே போய் மறுபடி வரச் சொல், அவ்வளவுதான். இரண்டு வாரம் இதற்குப் போனால் போகட்டும். பாடம் பின்தங்குகிறது என்று பயப்படாதே, அந்த நேரம் பின்னால் வட்டியோடு திரும்பி வரும்.

*இரவு 8:15*

ஜெயா அக்கா: அத்தை, நீங்கள் சொல்வது எல்லாம் சரி. ஆனால் உங்கள் காலத்தில் பதிவேடுதான் இருந்தது. இப்போது விவரம் கேட்பது நேரம் காலம் பார்த்து வருவதில்லை. ரத்த வகை, உயரம், எடை, எமிஸ் எண் (கல்வித் துறை இணையத்தில் பிள்ளைக்கு உள்ள அடையாள எண்), வங்கிக் கணக்கு, பெற்றோர் போன் எண். இன்றைக்கே வேண்டும் என்பார்கள். காலைப் பத்து நிமிடத்தைச் சரிசெய்தால் மட்டும் இவளுக்கு மூச்சு விட நேரம் கிடைக்காது.

பெரிய அத்தை: நீ சொல்வது எனக்குத் தெரியாத இடம் ஜெயா. நீ எப்படிச் சமாளிக்கிறாய்?

ஜெயா அக்கா: ஒரே ஒரு பெரிய தாள். வருடத் தொடக்கத்திலேயே எல்லாப் பிள்ளைகளின் எல்லா விவரத்தையும் கட்டம் போட்டு எழுதி வைத்துவிடுவேன். கேட்டால் அதைப் பார்த்து நிரப்புவேன், பீரோவில் பத்துக் கோப்பைத் தேட வேண்டியதில்லை. அதைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் கவி. பிள்ளைகளின் சொந்த விவரம், சுவரிலோ மேசையிலோ கிடக்கக் கூடாது. போனில் படம் எடுத்தும் வைக்காதே.

ஜெயா அக்கா: அலுவல் குழுவைக் காலை இடைவேளையிலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் மட்டும் பார்ப்பேன். இதை ஹெச்.எம்.மிடம் முன்கூட்டியே மரியாதையாகச் சொல்லிவிட்டேன்: அவசரம் என்றால் வகுப்புக்கே ஆள் அனுப்புங்கள் சார், உடனே வருகிறேன் என்று. அவர் ஒத்துக்கொண்டார். எல்லா ஹெச்.எம்.மும் ஒத்துக்கொள்வார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் கேட்டுப் பார்.

முத்து அண்ணன்: செயலி வேண்டாம் என்கிறீர்கள். அந்தத் தாளையாவது நான் வரிசையாகக் கட்டம் போட்டு அச்சடித்துத் தருகிறேன்.

கவிதா: அது பெரிய உதவி அண்ணா. எழுதுவதற்கு இடம் விட்டு, பெரிய கட்டமாகப் போடு.

கவிதா: அத்தை, நோட்டுத் திருத்துவதற்கு ஏதாவது வழி இருக்கிறதா? தமிழ், ஆங்கிலம், கணக்கு, சூழ்நிலையியல். இதற்கு மேல், அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்குமான ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தின் பயிற்சி நூல்.

பெரிய அத்தை: வீட்டுக்கு எடுத்து வருவதை முதலில் நிறுத்து. இரவு நீ சிவப்பு மையில் போட்ட திருத்தத்தை அந்தப் பிள்ளை மறுநாள் திறந்துகூடப் பார்க்காது. பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது திருத்துகிற ஒரு வரி, அது இல்லாமல் திருத்துகிற ஒரு பக்கத்தைவிட மேல். வகுப்பில் நடந்துகொண்டே எல்லோருடையதையும் ஒரு பார்வை பார். தினம் ஐந்தாறு பிள்ளைகளுடையதை மட்டும் முழுதாகப் பார். திங்கள் யார், செவ்வாய் யார் என்று பெயர் எழுதி ஒட்டிவிடு. வாரத்துக்குள் 27 பேரும் வந்துவிடுவார்கள்.

ஜெயா அக்கா: நோட்டை வாங்கும்போது, திருத்த வேண்டிய பக்கத்தைத் திறந்தபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொல். பக்கம் தேடுகிற நேரம் மிச்சம். சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் கணக்கில் சேரும்.

ஜெயா அக்கா: பென்சிலுக்கு இரண்டு டப்பா. ஒன்றில் சீவியது, ஒன்றில் முனை உடைந்தது. உடைந்ததைப் போட்டுவிட்டுச் சீவியதை எடுத்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் மூன்றாம் வகுப்பில் இரண்டு பேர் எல்லாவற்றையும் சீவி வைப்பார்கள். உன்னிடம் யாரும் வரக் கூடாது.

கவிதா: கழிப்பறைக்கு? ஒருவன் கேட்டால் ஆறு பேர் கிளம்புகிறார்கள்.

ஜெயா அக்கா: கதவருகே ஆணியில் ஒரு வளையம் மாட்டு. அதை எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும். வளையம் இல்லை என்றால் ஆள் வெளியே இருக்கிறது என்று அர்த்தம்.

பெரிய அத்தை: ஒன்றாம் வகுப்புக்கு அந்த விதி வேண்டாம். அவர்கள் கேட்டால் உடனே விடு. ஐந்து வயதுப் பிள்ளையைக் காக்க வைக்கக் கூடாது, எத்தனை பேர் கிளம்பினாலும் சரி.

ஜெயா அக்கா: ஆமாம் அத்தை, அது சரிதான்.

கவிதா: எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று குழுவாகப் பிரித்திருக்கிறோம். தொடக்க நிலையான அரும்புப் பிள்ளைகளோடு நான் உட்காரும்போதுதான் மொட்டும் மலரும் கலைந்துவிடுகிறது. அரும்பில் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் நான் அதிகம் தேவை.

பெரிய அத்தை: மற்ற இரண்டு குழுவுக்கும் அந்த நேரத்தில் புதிய வேலை கொடுக்காதே. நன்றாகத் தெரிந்த வேலையைக் கொடு. புதியது என்றால் சந்தேகம் வரும், சந்தேகம் வந்தால் உன்னிடம் வரும். ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளையிடம் பொறுப்பைக் கொடு, சந்தேகம் முதலில் அதனிடம் போகட்டும். வாரம் ஒரு முறை ஆளை மாற்று. நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கே எப்போதும் கொடுத்துவிடாதே. பேசவே பேசாத பிள்ளைக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்.

பெரிய அத்தை: நீ ஒழுங்காக இருப்பது உன் மேசை அழகாக இருப்பதற்காக இல்லை கவிதா. அந்த ஏழு பேரோடு தினமும் இருபது நிமிடம் தொந்தரவில்லாமல் உட்கார வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும். மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் வாசிக்க வராத பிள்ளைக்கு அதற்கு மேல் எல்லாப் பாடமும் சுமைதான். ஆறாம் வகுப்பில் அப்படி வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கவிதா: சரி அத்தை. நாளையிலிருந்து எல்லாவற்றையும் தொடங்குகிறேன்.

பெரிய அத்தை: எல்லாவற்றையும் தொடங்காதே. பலகையும் பென்சில் டப்பாவும் மட்டும். அவை பழகியபின் அடுத்தது.

*புதன், மாலை 6:05*

கவிதா: [படம்: தாழ்வான கரும்பலகையில் பிள்ளைகள் எழுதுகிறார்கள்]

கவிதா: திங்கட்கிழமை நான்கு தடவை வெளியே போய் உள்ளே வந்தோம். செவ்வாய் இரண்டு தடவை. இன்று ஒரே தடவைதான். ஒன்றாம் வகுப்பில் மூன்று பேர் இன்னும் பாட்டிலோடுதான் கட்டத்துக்குப் போகிறார்கள். ஆனால் வருகைப்பதிவு எழுதி முடிக்கும்வரை யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

அம்மா: இன்றைக்கு நோட்டுக் கட்டு வீட்டுக்கு வரவில்லை. எட்டு மணிக்கே என்னோடு சாப்பிட உட்காருகிறேன் என்றாள்.

பெரிய அத்தை: படத்தில் வலது ஓரம் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது.

கவிதா: மூன்றாம் வகுப்புப் பெண் அத்தை. மூன்று நாளாக வரவில்லை. இன்று காலை அவளுடைய அம்மாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை.

பெரிய அத்தை: உப்பளத்தில் இருக்கும்போது எப்படி எடுப்பார்கள்? மதியத்துக்கு மேல் கூப்பிடு. ஏன் அனுப்பவில்லை என்று ஆரம்பிக்காதே. பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று கேள், மற்றதை அவர்களே சொல்வார்கள். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதா என்றும் கேள்.

ஜெயா அக்கா: இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் அன்று மதியமே போன் என்று வைத்துக்கொள் கவி. அதையும் தினசரி வேலையில் சேர்த்துவிடு. இல்லாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். போனில் கிடைக்கவில்லை என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவில் அந்தத் தெருக்காரர் யாராவது இருப்பார், அவரிடம் சொல்.

கவிதா: குழுத் தலைவரே அடுத்த தெருதான் அக்கா. நாளை மதியம் முதலில் போன் போடுகிறேன், எடுக்காவிட்டால் பள்ளி விட்டதும் அவரோடு வீட்டுக்கே போய்விட்டு வருகிறேன்.

பெரிய அத்தை: போகும்போது அவளுடைய பயிற்சி நூலையும் எடுத்துக்கொண்டு போ.

முத்து அண்ணன்: கவி, தாள் அச்சடித்துவிட்டேன். 30 வரிசை போட்டிருக்கிறேன், புதிதாக யாராவது சேர்ந்தால் எழுதிக்கொள்ளலாம். சனிக்கிழமை ஊருக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.