நாவூ வரலாற்றுத் தலத்தில் மூத்த தம்பதி ஊழியம்: தொடக்க நாட்களுக்கான ஆலோசனை வேண்டும்

ஆற்றங்கரை எழுதியது:

சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். நானும் என் கணவரும் நம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையால் மூத்த தம்பதி ஊழியர்களாக அழைக்கப்பட்டு, பார்வையாளர்களுக்கு வழிகாட்ட அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்திலுள்ள நாவூவுக்கு அண்மையில் வந்து சேர்ந்தோம். ஒரு நாள் வெப் சகோதரர்களின் கொல்லுப்பட்டறை, மறுநாள் ஸ்கோவில் அடுமனை, அதற்கடுத்த நாள் அச்சகம் என்று பணியிடம் மாறிக்கொண்டே இருப்பதால், ஓரிடத்தின் விவரம் மனத்தில் பதிவதற்குள் வேறிடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. மனப்பாடத்தைவிடப் பெரிய கவலையும் ஒன்று உண்டு. நம் சபையார் மட்டுமல்லாமல், சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித்தை வேறு விதமாக நினைவுகூர்கிறவர்களும், எந்தச் சபையையும் சாராதவர்களும் வருகிறார்கள். அவர்கள் முன் வரலாற்றை எந்த அளவுக்குச் சொல்லலாம், என் விசுவாசத்தை எங்கே சொல்லலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

பழைய வழிகாட்டி எழுதியது:

அன்புச் சகோதரிக்கு, எல்லா வீடுகளின் குறிப்புகளையும் ஒரே நேரத்தில் கற்க முயல வேண்டாம். மிசூரியிலிருந்து துரத்தப்பட்ட பரிசுத்தவான்கள், அதாவது நம் சபையின் தொடக்ககால மக்கள், 1839இல் மிசிசிப்பி ஆற்றின் வளைவிலிருந்த சதுப்பு நிலத்துக்கு வந்தது, 1841இல் ஆலயத்தின் கட்டுமானப் பணி தொடங்கியது, 1844 ஜூன் 27 அன்று கார்த்தேஜ் சிறையில் ஜோசப் ஸ்மித்தும் அவருடைய அண்ணன் ஹைரமும் கொல்லப்பட்டது, 1846 பிப்ரவரியில் மேற்கு நோக்கிய வெளியேற்றம் தொடங்கியது ஆகிய நான்கையும் உறுதியாகப் பிடித்துக்கொண்டால், எந்த வாசலில் நின்றாலும் அந்த வீட்டார் அப்போது என்ன நிலையில் இருந்தார்கள் என்று உங்களாலேயே சொல்ல முடியும். கொல்லுப்பட்டறையை வெறும் இரும்புவேலை செய்த இடமாகக் காட்டுவதைவிட, ஊரையே விட்டுப் புறப்படுகிற மக்களுக்கு வண்டிகள் ஆயத்தமான இடமாகக் காட்டுங்கள்; கேட்பவர் முகம் மாறுவதைக் காண்பீர்கள்.

என் மனத்துக்கு நெருக்கமானது, சபையின் தொடக்ககால அப்போஸ்தலர்களில் ஒருவரான ஹீபர் கிம்பலின் செங்கல் வீடு. 1845இல் கட்டி முடித்த அந்த வீட்டில் அவர் சில மாதங்களே வாழ்ந்தார். அவருடைய வழிவந்த மருத்துவர் லெராய் கிம்பல் 1954இல் அதை விலைக்கு வாங்கிப் புதுப்பித்தார். அதைக் காண மக்கள் திரண்டு வந்ததுதான் 1962இல் நாவூ மறுசீரமைப்பு நிறுவனம் அமைய வழிவகுத்தது. ஆகவே நீங்கள் இன்று செய்யும் ஊழியமே அந்த வீட்டிலிருந்து கிளைத்தது என்று கூறலாம்.

நடுநிலை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் எழுதுகிறேன். ஜோசப் ஸ்மித்தின் மனைவி எம்மா ஸ்மித் மேற்கே செல்லவில்லை; நாவூவிலேயே வாழ்ந்து 1879இல் அங்கேயே இறந்தார். அவருடைய மகன் மூன்றாம் ஜோசப் ஸ்மித் 1860இல் தலைமையேற்ற சபையே இன்று கம்யூனிட்டி ஆஃப் கிறைஸ்ட் என்று அழைக்கப்படுகிறது. ஒஹாயோவிலுள்ள கர்ட்லாண்ட் ஆலயத்தோடு, ஜோசப் ஸ்மித் குடும்பம் வாழ்ந்த மேன்ஷன் ஹவுஸ், அவருடைய செங்கல் கடை முதலிய நாவூ கட்டடங்களும் 2024 மார்ச்சில் அவர்களிடமிருந்து நம் சபைக்கு விற்கப்பட்டன. தலைமுறைகளாகத் தாங்கள் பேணிய வீட்டுக்கு இப்போது பார்வையாளராக வருகிற ஒருவரின் துயரத்தை உணர்ந்து பேசுங்கள். எம்மாவைப் பற்றி மரியாதைக் குறைவான ஒரு சொல்லும் உங்கள் வாயிலிருந்து வரக் கூடாது.

அச்சகத்தில் நிற்கும்போது, நாவூ எக்ஸ்பாசிட்டர் பத்திரிகையின் அச்சுப்பொறி 1844 ஜூனில் ஏன் அழிக்கப்பட்டது என்று யாராவது கேட்கக்கூடும். அது வேறொரு அச்சகம் என்பதையும், அந்தப் பத்திரிகை பலதார மணத்தையும் ஜோசப் ஸ்மித்தின் அதிகாரத்தையும் கண்டித்ததையும், நகர மன்றத்தின் ஆணையால் அது அழிக்கப்பட்டதையும் மழுப்பாமல் சொல்லுங்கள். ஜோசப் ஸ்மித் பலதார மணத்தைக் கடைப்பிடித்ததைச் சபையே 2014இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கியிருக்கும்போது, நாம் பேச்சை மாற்ற வேண்டிய தேவையில்லை. நடந்ததை நேர்மையாகச் சொல்லி முடித்த பிறகு, பார்வையாளர் விரும்பிக் கேட்டால் மட்டும் உங்கள் விசுவாசச் சாட்சியை இரண்டு வாக்கியங்களில் சொல்லுங்கள். வற்புறுத்திச் சொல்லும் சாட்சி யாருடைய மனத்திலும் தங்குவதில்லை என்பது என் உறுதியான கருத்து.

சிலுசிலுப்பு எழுதியது:

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு சொல். கோடையில் ஆற்றோரப் புழுக்கம் கடுமையாக இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு பாணியிலான நீண்ட உடையில் நாள் முழுதும் நிற்பதற்கு நல்ல காலணியும் போதிய தண்ணீரும் அவசியம். ஊழியர்களுக்கு வாரந்தோறும் சொந்த வேலைகளுக்காகக் கிடைக்கும் ஆயத்த நாளில் வரலாற்றைப் படிப்பதை விட்டுவிட்டு இருவரும் ஓய்வெடுங்கள். இரவில் கணவரோடு அன்றைய பார்வையாளர்களைப் பற்றிப் பேசுவது நல்லதுதான். ஆனால் எவர் எத்தனை தவறு செய்தார் என்று ஒருவரையொருவர் திருத்தும் நேரமாக அது ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா.

ஆற்றங்கரை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நாளை மறுநாள் எங்களுக்கு அச்சகத்தில் பணி. அதற்குள் எக்ஸ்பாசிட்டர் பற்றிய பகுதியையும் அந்தக் கட்டுரையையும் நாங்கள் இருவரும் படித்துவிடுகிறோம். கிம்பல் வீட்டில் பணியாற்றியவர்கள் வேறு யாரேனும் இருந்தால், அங்கே குழந்தைகளுக்கு எதைக் காட்டித் தொடங்குவது என்பதையும் எழுதுங்கள்.