டியூன் படத்து உடையின் ஒட்டுகள் வெயிலில் பிரிந்துவிடுகின்றன

2021, 2024ஆம் ஆண்டுகளில் வெளிவந்த டியூன் படங்களின் மீதுள்ள பித்தினால், அதில் பாலைவன மக்கள் உடலின் ஈரத்தைச் சேமிக்க அணியும் ‘ஸ்டில்சூட்’ உடையை 5 மி.மீ. ஈவா ஃபோமில் (மெத்தென்ற, இலேசான நுரைத் தகடு) நானே செய்தேன். அபுதாபியில் வசிப்பதால், மணற்குன்றுக் காட்சிகள் சில படமாக்கப்பட்ட லிவா பாலைவனத்துக்கே சென்ற மாதம் அதை அணிந்து சென்றேன். அரை மணி நேரத்திற்குள் முழங்கால், முழங்கை ஒட்டுகள் வாய்பிளந்தன. மூக்குக் குழாய் மட்டும், ஏனோ, அசையவில்லை.

முதலில் ஹாட் குளூவால் (சூட்டில் உருக்கி ஒட்டும் பசை) ஒட்டியிருந்தேன். அது இளகியதால், ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து, ரப்பர் பசையை இருபுறமும் பூசி, பத்து நிமிடம் உலரவிட்டு அழுத்தினேன். வீட்டுக்குள் உறுதியாக நின்ற அந்த ஒட்டு, பால்கனி வெயிலில் முழங்காலை மடக்கியதும் மயிரிழையாய் விரிந்து பிரிந்தது. துணிப்பட்டை வைத்துத் தைத்தால் ஊசித் துளைகளிலேயே ஃபோம் கிழிகிறது.

மடங்கும் இடங்களில் இந்த வெயிலைத் தாங்க எந்தப் பசையை, எவ்வகை இணைப்புடன் பயன்படுத்த வேண்டும்?