கவினின் கடல் தொட்டிக்கு எந்த மீன், எதற்குப் பிறகு எது

கவின்: எல்லோருக்கும் ஒரு நல்ல செய்தி. தொட்டித் தண்ணீர் சரியாகிவிட்டது, மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டுகிறது. நாளைக்கு மீன் வாங்கப் போகிறேன். கடையில் பார்த்து வைத்தவை: க்ளவுன் இரண்டு, பவுடர் புளூ ஒன்று, மஞ்சள் பட்டர்ஃப்ளை ஒன்று, கறுப்பில் வெள்ளைப் பொட்டு இருக்கிற டொமினோ மூன்று, குட்டி லயன் ஃபிஷ் ஒன்று. தர்ஷினி அக்கா, இது போதுமா, இன்னும் கொஞ்சம் போடலாமா?

வதனி: இரவு பகலாக அந்தத் தொட்டிக்கு முன்னால்தான் இருக்கிறான். சாப்பாடும் அங்கேதான்.

தர்ஷினி: கவின், நாளைக்குப் போகாதே. முதலில் தொட்டி அளவைச் சொல்லு.

கவின்: மூன்று அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. 190 லீட்டர் என்று கடைக்காரர் சொன்னார்.

தர்ஷினி: அது வெறும் கண்ணாடிக் கணக்கு. உள்ளே கல்லும் மணலும் இருக்கிறது, விளிம்பு வரை நிரப்புவதும் இல்லை, ஆகவே தண்ணீர் என்று பார்த்தால் 150 சொச்சம்தான் வரும். அதற்குச் சின்ன மீனாக ஐந்து ஆறு போதும். நீ சொன்ன எட்டில் க்ளவுன் இரண்டும்தான் அந்தத் தொட்டிக்குச் சரி, மற்ற ஆறும் வேண்டாம்.

கவின்: ஆறுமா? 😢 கடைக்காரர் எல்லாம் ஒன்றாக இருக்கும் என்றாரே

தர்ஷினி: கடையில் ஒன்றாகத்தான் இருக்கும், ஏனென்றால் எல்லாம் குட்டி, எல்லாம் பயந்து போயிருக்கிறது, ஒன்றுக்கும் அங்கே சொந்த இடம் கிடையாது. வீட்டுக்கு வந்து ஒரு பொந்தைப் பிடித்த பிறகுதான் அதனுடைய குணம் தெரியும். கடையில் மூன்று சென்ரிமீற்றர் இருக்கிற டொமினோ 14 சென்ரிமீற்றர் வரை வளரும், வளர வளர முழுத் தொட்டியும் தனது என்று நினைக்கும். புதிதாக எதை விட்டாலும் துரத்தித் துரத்திச் செட்டையைக் கடிக்கும். அதைத் திரும்பப் பிடிக்கவும் முடியாது, கல் முழுவதையும் வெளியே எடுத்தால்தான் உண்டு.

கவின்: டொமினோ விட்டால் தொட்டி பழகும், அமோனியாவைத் தின்கிற நுண்ணுயிர் வளரும் என்று சொன்னார் அக்கா

தர்ஷினி: முந்தி அப்படித்தான் செய்தார்கள், அமோனியாவைத் தாங்கட்டும் என்று மலிவான மீனை விடுவது. உன் தொட்டி ஏற்கனவே பழகிவிட்டது, நீயே பூச்சியம் என்கிறாய். பிறகு எதற்கு?

அபி: பவுடர் புளூ என்னவாம்? அது சரியான வடிவு அக்கா, நானும் பார்த்தேன்

தர்ஷினி: வடிவுதான், இல்லை என்று சொல்லவில்லை. நம் கடலிலேயே இருக்கிற மீன், அதனால்தான் இங்கே லேசாகக் கிடைக்கிறது. ஆனால் அது அலை அடிக்கிற பாறை மேட்டில் நாள் முழுக்க ஓடி ஓடிப் பாசி மேய்கிற மீன், வளர்ந்தால் 20 சென்ரிமீற்றரைத் தாண்டும். மூன்று அடிக்குள் விட்டால் நாலு தடவை செட்டை அடிப்பதற்குள் கண்ணாடி வந்துவிடும். ஐந்தாறு அடி நீளம், 450 லீட்டருக்கு மேல் இருந்தால் யோசிக்கலாம். இன்னொன்று, அந்த மீனுக்கு மன உளைச்சல் வந்தால் உடனே வெள்ளைப் புள்ளி நோய் பிடிக்கும், உப்புத் தூவியது போல உடம்பெல்லாம் புள்ளி வரும். அதுவும் தன்னோடு நிற்காது, தொட்டி முழுக்கப் பரவும்.

சிவா மாமா: பட்டர்ஃப்ளை சின்ன மீன்தானே, அதாவது விடலாமே பிள்ளை

தர்ஷினி: மாமா, அதன் வாயைப் பாருங்கள், குறடு போல நீண்டிருக்கும். பவளப் பூச்சி போன்ற சின்ன உயிர்களைக் கொத்தி எடுக்க அமைந்த வாய். சில இனங்களுக்குப் பவளத்தைத் தவிர வேறு சாப்பாடே இல்லை, இறால் கொடுத்தாலும் திரும்பிப் பார்க்காமல் மெலிந்து மெலிந்து செத்துப்போகும். கவின் பவளமும் வளர்க்கப் போகிறான். அப்படியென்றால் ஒன்று பவளம் போகும், இல்லாவிட்டால் மீன் போகும். லயன் ஃபிஷ் பவளத்தைத் தொடாது, ஆனால் தன் வாய்க்குள் அடங்குகிற எந்த மீனையும் இறாலையும் அப்படியே முழுசாக விழுங்கும். அதன் வாய் எவ்வளவு விரியும் என்று பார்த்தால்தான் நம்புவீர்கள்.

வதனி: அது முள்ளில் விஷம் இருக்கிற மீன்தானே? வேண்டவே வேண்டாம், சின்னவள் எந்த நேரமும் தொட்டிக்குள் கை விடுகிறாள்.

தர்ஷினி: ஓம் சித்தி, முதுகு முள்ளில் விஷம் இருக்கிறது. குத்தினால் சரியான வலி.

கவின்: சரி, லயனை விட்டுவிட்டேன். அப்போ எதை வாங்குவது? சாம்பல் நிற மீனாகவா பார்த்து வைக்க வேண்டும்?

தர்ஷினி: இல்லையடா தம்பி, நல்ல நிறமான சின்ன மீன்களே எவ்வளவோ இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்ததை முதலில் சொல்கிறேன். மஞ்சள் வாட்ச்மன் கோபி என்று ஒன்று, கூடவே ஒரு பிஸ்டல் இறால். இரண்டையும் சேர்த்து விட்டால் பெரும்பாலும் ஒரே பொந்தில் குடியிருக்கும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது, ஆனால் தோண்டுவதில் கெட்டிக்காரன், புல்டோசர் மாதிரி மணலை முன்னால் தள்ளிக்கொண்டே வெளியே வரும். கோபிக்குக் கண் கூர்மை, தோண்டத் தெரியாது. அது வாசலில் காவல் இருக்கும். இறால் வெளியே வருகிற ஒவ்வொரு தடவையும் தன் மீசையில் ஒன்றைக் கோபியின் உடம்பில் தொட்டபடியே வேலை செய்யும். ஏதாவது ஆபத்து என்றால் கோபி வாலை ஒரு சின்ன ஆட்டு ஆட்டும், அவ்வளவுதான், இறால் உடனே உள்ளே. ஆபத்து பெரிதென்றால் கோபியும் தலைகீழாகப் பொந்துக்குள் பாயும். கண்ணாடியோடு முகத்தை வைத்துப் பார், பவுடர் புளூவை மறந்துவிடுவாய்.

அபி: ஐயோ அக்கா, இப்பவே பார்க்க வேண்டும் போல இருக்கு 😍

கவின்: அந்த இறால் மற்ற மீனைச் சுடாதா?

தர்ஷினி: பெரிய கொடுக்கைச் சொடுக்கி டக் என்று சத்தம் போடும், அறைக்கு வெளியே கூடக் கேட்கும். கண்ணாடி வெடித்துவிட்டதோ என்று பயப்படாதே. நான் சொல்கிற மீன்களை அது ஒன்றும் செய்யாது. ஆனால் கல்லை மணலுக்கு மேல் வைக்காமல் அடிக் கண்ணாடியில் ஊன்றி வை, இல்லாவிட்டால் அது தோண்டத் தோண்டக் கல் சரியும்.

தர்ஷினி: அடுத்தது ஃபயர்ஃபிஷ். முன் பாதி வெள்ளை, பின் பாதி சிவப்பு, முதுகில் நீட்டாக ஒரு செட்டை, அதை டிக் டிக் என்று ஆட்டிக்கொண்டு பொந்துக்கு மேலே மிதக்கும். சரியான பயந்த மீன், பயந்தால் வெளியே குதிக்கும். ஆகவே மேலே வலை மூடி இல்லாமல் அதை வாங்காதே. ஒன்று மட்டும் வாங்கு, ஜோடி என்று தெரியாமல் இரண்டு வாங்கினால் ஒன்றை ஒன்று கொல்லும்.

கவின்: க்ளவுனையாவது முதலில் விடலாமா? அது சாதுதானே

தர்ஷினி: அதுதான் கடைசி. பார்க்கத்தான் சாது, ஒரு மூலையைப் பிடித்துவிட்டால் பெண் க்ளவுன் உன் கையையே கடிக்கும். பயந்த மீன் முதலில் போய் நல்ல பொந்தைப் பிடிக்கட்டும், சண்டைக்காரன் பிறகு வரட்டும். எந்தத் தொட்டிக்கும் இதுதான் ஒழுங்கு. உனக்கு முதலில் கோபியும் இறாலும் ஃபயர்ஃபிஷும். இரண்டு மூன்று கிழமை கழித்து பங்காய் கார்டினல் ஒன்று, வெள்ளியில் கறுப்புக் கோடு போட்டது, இந்தோனேசியாவில் சுலாவேசிக்குப் பக்கத்தில் சில தீவுகளில் மட்டும் இயற்கையாக இருக்கிற இனம், ஆகவே தொட்டியில் பொரித்த குஞ்சா என்று கேட்டு வாங்கு. அதற்கும் பிறகு க்ளவுன் இரண்டு. அதிலும் ஒரே இனமாக, ஒன்று கொஞ்சம் பெரிது ஒன்று சின்னதாக எடு. க்ளவுன் எல்லாம் பிறக்கும்போது ஆண்தான், பெரியது பெண்ணாக மாறும், சின்னது அடங்கி இருக்கும். சம அளவில் எடுத்தால் யார் பெரியவர் என்று அடிபட்டுக்கொண்டே இருக்கும்.

அபி: க்ளவுனுக்குக் கடல் சாமந்தி வேண்டாமா?

தர்ஷினி: வேண்டாம். கடலில் க்ளவுன் பாதுகாப்புக்காகச் சாமந்திக்குள் இருக்கிறது, தொட்டியில் க்ளவுனைத் தின்ன யாரும் இல்லையே. புதுத் தொட்டியில் சாமந்தி பிழைக்காது, பிழைத்தாலும் ஊர்ந்து ஊர்ந்து போய்ப் பவளத்தைச் சுடும். ஒரு வருஷம் போகட்டும், பிறகு பார்ப்போம்.

சிவா மாமா: ஒரு சந்தேகம். வெள்ளவத்தைக் கடல் நடந்து போகிற தூரம், பிறகு ஏன் உப்பு வாங்கிக் கரைக்கிறான்? இரண்டு வாளி அள்ளினால் முடிந்ததே

தர்ஷினி: மாமா, வெள்ளவத்தைக் கால்வாய் அங்கேதானே கடலில் விழுகிறது. ஊர் அழுக்கெல்லாம் அதோடு வரும், மழை பெய்தால் உப்பும் குறைந்துவிடும். உப்பு லீட்டருக்கு 35 கிராம் கணக்கில் ஒரே அளவாக நிற்க வேண்டும். கவின், ஆவியாகிறதுக்கு உப்புத் தண்ணீர் விடாதே, வடிகட்டிய நல்ல தண்ணீர்தான் விட வேண்டும், ஏனென்றால் உப்பு ஆவியாகாது. கொழும்பு வெக்கைக்கு மேலே ஒரு மின்விசிறி பூட்டு, 26 பாகைக்குக் கிட்ட நின்றால் நல்லது.

அபி: அப்போ பவளம்? அடுத்த மாதம் திருகோணமலை போகிறோம், புறாத்தீவில் ஒரு துண்டு எடுத்து வரட்டா?

தர்ஷினி: அபி, தயவுசெய்து வேண்டாம். அது தேசியப் பூங்கா, அங்கே இருந்து ஒன்றையும் எடுக்கக்கூடாது. கல் பவளம் இலங்கைச் சட்டத்தில் எங்கேயுமே பாதுகாக்கப்பட்டது. 1998 இல் கடல் சூடேறி ஹிக்கடுவையில் எவ்வளவு பவளம் வெளுத்துச் செத்தது, இன்னும் அது முழுதாகத் தேறவில்லை. வளர்க்கிறவர்கள் தங்கள் தொட்டியில் வளர்ந்த மென்பவளத்தை வெட்டிக் கொடுப்பார்கள், நானே ஒரு துண்டு தருகிறேன்.

அபி: சரி அக்கா, எடுக்க மாட்டேன் 🙏 கிளீனர் மீன் என்று நீலக் கோடு போட்டது ஒன்று கடையில் இருந்தது. அது நோயைத் துடைக்குமாம்

தர்ஷினி: அதுவும் கடலில் இருக்க வேண்டிய மீன். பாறையில் ஒரு இடத்தில் நின்றுகொள்ளும், பெரிய பெரிய மீன்கள் எல்லாம் வரிசையில் வந்து வாயைத் திறந்து காட்டும், ஒட்டுண்ணியைப் பொறுக்கித் தின்னும். ஐந்து மீன் இருக்கிற தொட்டியில் அதற்கு எங்கே சாப்பாடு? கனக்கப் பட்டினியில்தான் சாகிறது. அதே நிறத்தில் ஒரு கள்ளனும் இருக்கிறான், கிளீனர் என்று நம்பிக் கிட்ட வந்த மீனின் சதையைக் கடித்துக்கொண்டு ஓடுவான். வாய் முகத்தின் நுனியில் இருந்தால் கிளீனர், தாடைக்குக் கீழே இருந்தால் கள்ளன்.

வதனி: தர்ஷினி, கரண்ட் போனால் என்ன செய்வது? 2022 இல் 13 மணித்தியாலம் எல்லாம் போனதே

தர்ஷினி: பட்டரியில் ஓடுகிற காற்றுப் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள் சித்தி. மீன் முதலில் சாவது மூச்சு முட்டித்தான், லைட் இல்லாமல் அல்ல. மீன் குறைவாக இருந்தால் அந்த நேரம் தாங்கும், அதற்காகவும்தான் ஐந்து ஆறோடு நிறுத்தச் சொல்கிறேன்.

கவின்: விளங்குது அக்கா. நாளைக்குப் போய்க் கோபியும் ஃபயர்ஃபிஷும் மட்டும் எடுக்கட்டா?

தர்ஷினி: நாளைக்குப் பார்த்துவிட்டு மட்டும் வா. உன் முன்னாலேயே சாப்பாடு போடச் சொல்லு, சாப்பிடாத மீனை வாங்காதே. வயிறு உள்ளே ஒட்டியிருந்தால், செவுள் வேகமாக அடித்தால், அதையும் விடு. என்னிடம் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி சும்மா இருக்கிறது, இரண்டு பைப் துண்டும் ஒரு ஸ்பொஞ்ச் ஃபில்டரும் போட்டால் போதும். வாங்கிய மீனை ஒரு மாதம் அதில் வைத்துப் பார்ப்போம். புள்ளி வந்தால் செம்பு மருந்தும் அதிலேயே போடலாம், பெரிய தொட்டியில் போட்டால் இறாலும் பவளமும் செத்துவிடும்.

கவின்: ஒரு மாதமா 😩

வதனி: அக்கா சொல்வதைக் கேள்.

சிவா மாமா: சனிக்கிழமை நான் வான் வண்டியில் தெஹிவளைக்கு வருகிறேன், அந்தத் தொட்டியை ஏற்றிக்கொண்டு வந்து தரலாம்.

தர்ஷினி: அப்போ சனிக்கிழமை காலை வாருங்கள் மாமா, துடைத்து வைக்கிறேன். கவின், கடையில் பிஸ்டல் இறால் இருக்கிறதா என்று மட்டும் நாளைக்குக் கேட்டுச் சொல்லு. இல்லையென்றால் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி வைக்கிறேன்.

கவின்: சரி அக்கா. வலை மூடிக்கு அளவு எடுக்கிறேன்.